மூன்று நிமிடம் பிந்திய ஸ்கோர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்பாள் அம்மா. அப்பா கிரிக்கெட்டை உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. டெல்லிக்கு வந்து சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே, கடைசி ஓவர் என்றால் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடப்பார். விக்கெட் விழுந்தால் சுவருக்கு ஒரு குத்து.

அந்த மனிதருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, படபடப்பு கூடாது, கொஞ்ச நாளைக்கு மேட்ச் பார்க்க விடாதீர்கள் என்றார். அதிலிருந்து டாக்டரோடு பேசுவது என் பொறுப்பாகிவிட்டது. அவர் சொல்வதை நான் வந்து அப்பாவிடம் சொல்வேன். அம்மா அவள் பங்குக்கு டிவி ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.

ஐ.பி.எல். தொடங்கியதும் அப்பா கெஞ்ச ஆரம்பித்தார். "பாக்க மாட்டேன் ட்டி. எம்புட்டு அடிச்சிருக்கான்னு மட்டும் சொல்லு, போதும்."

நான் சாஃப்ட்வேர்காரி. எதற்கும் ஒரு புரோகிராம் எழுதிவிடலாம் என்று நம்புகிற ஜாதி. படம்தானே படபடப்பு? படத்தை எடுத்துவிட்டால் ஆயிற்று. டெர்மினல் என்று நாங்கள் சொல்லும் கறுப்புத் திரையில், வெறும் எழுத்தாக ஸ்கோர் ஓடும்படி ஒன்றை எழுதினேன். சத்தம் கிடையாது, விளம்பரம் கிடையாது, வர்ணனை கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எண். ரன் இல்லையென்றால் ஒரு புள்ளி. பழைய லேப்டாப்பில் அதைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"எங்க ஆபீஸ் செக்‌ஷனுக்கு மொத மொத வந்த கம்ப்யூட்டர் இப்பிடித்தான் இருந்துச்சு" என்று மகிழ்ந்துபோனார்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டிவியிலாவது பந்து வீசுபவன் நடந்து போவது தெரியும், ஃபீல்டரை மாற்றுவது தெரியும். இங்கே ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு அப்பா மூச்சைப் பிடித்தார். R பொத்தானை அழுத்தினால் புதிய ஸ்கோர் வரும் என்று நான் சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் அதைத் தட்டிய தட்டில், இத்தனை முறை கேட்காதே என்று ஸ்கோர் கொடுக்கிற இணையதளமே எங்களைத் தடுத்துவிட்டது.

"இதுக்கு டிவியே தேவலாம்லா" என்றாள் அம்மா.

எனக்குத் தோல்வியை ஒத்துக்கொள்ள வராது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் லேப்டாப்பில் ஸ்கோர் உடனுக்குடன் வரும். அப்பாவுடையதில் மூன்று நிமிடம் பிந்தி வரும். கெட்டது எதுவும் நடந்தால் எனக்கு முதலில் தெரிந்துவிடும். அதற்குள் பக்கத்தில் போய் உட்காரலாம், மாத்திரையை எடுத்து வைக்கலாம், பேச்சை மாற்றலாம். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் படபடப்பையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். மேட்ச் நடக்கும் நேரமெல்லாம் லேப்டாப்பும் கையுமாக அடுக்களைக்கும் ஹாலுக்கும் அலைந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அணிக்கும் டெல்லிக்கும் ஆட்டம். கடைசி ஓவர். என் திரையில் எங்கள் ஆள் அவுட். ஆட்டம் முடிந்தது, தோற்றோம். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் திரையில் இன்னும் மூன்று பந்து மீதி, ஆறு ரன் வேண்டும்.

"இவன் அடிச்சிருவாம் பாரு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

டிவியில் அரை நிமிடம் பிந்தி வந்திருக்க வேண்டும், மாடி வீட்டில் ஓவென்று ஒரு கூச்சல். "ஜீத் கயே! ஜீத் கயே!" ஜெயித்துவிட்டோம் என்று இந்தியில். கீழே பார்க்கில் யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். காலனி முழுக்க டிவி இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. இத்தனை எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அதில் இன்னும் மூன்று பந்து மீதி. பிறகு என் கையிலிருந்த தண்ணீரையும் மாத்திரையையும் பார்த்தார். நான் பயந்தபடி எழுந்து நடக்கவில்லை, சுவரைக் குத்தவில்லை. ஒரு புள்ளி வந்தது. ஓர் ஒன்று வந்தது. கடைசியில் விக்கெட் என்று வந்தது. அதுவரை அசையாமல் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"எனக்கு மட்டும் லேட்டா வருது, என்னா?"

"உங்களுக்கு டென்ஷன் ஆகக்கூடாதுன்னுதான்ப்பா..."

"அச்சா." மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். "நேத்து டாக்டர் போன்ல, எக்கோ டெஸ்ட் நல்லாருக்குன்னு சொன்னாருன்னு சொன்னியே. அதுவும் இப்பிடித்தானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொன்னது அப்படியே உண்மை. ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஐயோ, இல்லப்பா! நிஜமாவே நல்லாருக்குன்னுதான் சொன்னார். இருங்க, இப்பவே போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க."

"எதுக்கு? நீ என்ன சொல்லச் சொன்னியோ அதைத்தான சொல்லுவாரு."

கத்த வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது, அழவும் பயமாக இருந்தது. அழுதால் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். அவர் என் கையிலிருந்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்து முடித்தார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி விடு. டெஸ்ட் விஷயத்த அம்மாட்ட மட்டும் சொல்லிராத, என்னட்டி?"