எனக்காக வெட்டிய குழி

நாலு மணிச் சங்கு ஊதும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது. தேயிலை ஃபாக்டரியின் சங்கு அது. அது ஊதியதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டைப் பைக்குள் திணிப்பார்கள். எனக்கு முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல் ஒரு குளிர் ஏறும். மழைக்காலம், மூணாற்று மலை, இங்கே யாருக்குத்தான் குளிரவில்லை என்று இரண்டு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. மூணாற்றிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் போகவேண்டிய எஸ்டேட் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவர் தேவசகாயம் அதே எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டர். இருவருமே திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பள்ளியில் நித்திய ஜீவனைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான்தான். விசுவாசிக்கு மரணபயம் இல்லை என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. என் கையெழுத்தும் அழகாக இருக்கும்.

எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்தபடி ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்காக இல்லை. எனக்குத் தைரியம் சொன்னவர்கள் மேலெல்லாம் அப்போது எரிச்சல்தான் வந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு இருமல். அதற்குப் பிறகு கோயிலில் ஞானப்பாட்டின் நீளமான அடிகளைப் பாதியிலேயே விடவேண்டி வந்தது. ஒரு நாள் கைக்குட்டையில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. மூணாறு போய் எக்ஸ்ரே எடுத்தோம். எஸ்டேட் டாக்டர் மலையாளி, நல்ல மனிதர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசினார்.

“டீச்சர், ஒளிச்சு வைக்கல. டி.பி.தான். வலது பக்கம் மேல ஒரு கேவிட்டி உண்டு.”

டி.பி. என்றால் காசநோய். கேவிட்டி (கிருமி அரித்து நுரையீரலில் உண்டாக்கும் பொந்து) என் படத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. விவரம் தெரியாதவளின் நிம்மதி.

கீழ்நாட்டு சானடோரியத்தில் (காசநோயாளிகளுக்கான மருத்துவமனை) படுக்கை காலியில்லை. அதனால் என்னை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மேலேயிருந்த தனிக்கொட்டகையில் வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பார்த்துக்கொள்ள ஆயா ராகேல் அக்கா. ஜன்னல் திறந்தால் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம். பனி மூடினால் அதுவும் தெரியாது. பனியில் நனைந்த சிலுவைகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதையும் மறுபடி உள்ளே போவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்ன இடத்தில் ஜன்னல் வைத்தார்கள் என்று அந்தக் கொத்தனாரை நினைத்துக்கொள்வேன்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் இரத்தமாகவே வந்தது. ஹீமோப்டிசிஸ் (நுரையீரலிலிருந்து இருமலில் இரத்தம் வருவது) என்று டாக்டர் நோட்டில் எழுதியதைப் பிற்பாடு பார்த்தேன். வாயில் இரும்பு ருசி. அலுமினியக் கிண்ணம் நிறைந்து, ராகேல் அக்கா அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடியதுவரை ஞாபகம் இருக்கிறது. கேட்டிருந்த ஊசிமருந்து மதுரையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. டாக்டர் என் கணவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார்.

மறுநாள் காலையில் ஒரு சத்தம். ணங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ணங். பாறையில் கடப்பாரை விழுகிற சத்தம். வெளியே பனி சுவர்போல் நின்றது, யாரும் தெரியவில்லை.

“அது என்னக்கா சத்தம்?”

“தண்ணி போவ வாய்க்கா வெட்டுதாங்க டீச்சர். நீங்க பேசாமக் கெடங்க.”

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழத்துக்குத்தான் மண், அதற்குக் கீழே பாறை. மழைக்காலத்தில் ஒரு குழி வெட்ட நாலு பேருக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதனால் டாக்டர் கையை விரித்துவிட்டால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) “கொழுந்துக்கு இத்தனை பேர், கவாத்துக்கு இத்தனை பேர்” என்று கூப்பிடுகிற குரலிலேயே “குழிக்கு நாலு பேர்” என்றும் கூப்பிடுவார்கள். செத்தவரை மழையில் காக்க வைப்பது மரியாதையில்லை என்பது அவர்கள் நியாயம். அதுவரை யாரும் அவர்களை ஏமாற்றியதில்லை.

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். தெரிந்தும் வாய்க்கால் என்பதை நம்பினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பனி சற்று விலகியபோது சிவப்பு மண் குவியலும் பக்கத்தில் நீண்ட கறுப்புக் கட்டமும் தெரிந்தன. அந்த வாரம் எஸ்டேட்டில் சாகக் கிடந்தவள் நான் ஒருத்திதான்.

பயந்தேன். ஞாயிறு பள்ளி டீச்சர் பயந்தாள். ஜெபிக்க வாயைத் திறந்தால் பல் தந்தியடித்தது. நித்திய ஜீவன் என்ற சொல் என் கரும்பலகையில்தான் இருந்ததே தவிர, என்னிடம் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். காய்ச்சலைவிட அந்த வெட்கம்தான் அதிகமாகச் சுட்டது.

மூன்றாம் நாள் மருந்துப் பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி) தினமும் ஒன்று. கூடவே பி.ஏ.எஸ். என்ற கசப்புத் தூள், அந்தக் கிருமிக்கே எதிரான இன்னொரு மருந்து. இரத்தம் நின்றது. புரட்டாசியில் காய்ச்சல் விட்டது. நான் சாகவில்லை.

ஆனால் குழி அப்படியே கிடந்தது. வெட்டிய குழியை வெறுமனே மூடினால் அது வேறு ஆளைக் கேட்கும் என்பது எங்கள் ஜனங்களின் பேச்சு. பதிலுக்கு ஒரு வாழைத்தண்டைத் துணியில் சுற்றி, பேர் சொல்லிப் புதைக்கவேண்டும். வாழைத்தண்டு வைக்காமல் மூடமாட்டோம் என்றார்கள் வெட்டியவர்கள். அது அஞ்ஞானம், கூடவே கூடாது என்றார் சபையின் உபதேசியார். அவர் மலைக்கு வந்து ஆறு மாதமே ஆன இளைஞர். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தது.

அப்போதுதான் அந்த உருவத்தைப் பார்த்தேன்.

நாலு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பனிக்குள், குழி இருந்த இடத்தில், ஒரு தலையும் தோளும் தரைக்கு மேலே எழும்பின. சற்று நின்று, மறுபடி கீழே போயின. பிறகும் எழும்பின. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அப்படியே. அதற்கு மறுநாளும்.

அதே நாட்களில் கடப்பாரைச் சத்தம் திரும்பவும் கேட்க ஆரம்பித்தது. ணங் என்பது நீண்டு, ஓயாத ஒரு இரைச்சலாகக் காதுக்குள் தங்கிவிட்டது. அது ஊசியின் பக்கவிளைவு (காதின் உள்நரம்பு பாதிக்கப்பட்டு இரைச்சலும் தலைசுற்றலும் வருவது) என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அன்று எனக்கு யார் சொல்ல? எழுந்து நின்றால் தரை படகுபோல் சாய்ந்தது. குழிக்குள்ளிருந்து எழும்புவது நான்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஆவணியிலேயே செத்துப்போய்விட்டேன், அது தெரியாமல் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு நாள் ராகேல் அக்காவிடம் கைகாட்டினேன். பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அந்தப் பக்கம் பாக்காதீங்க டீச்சர்.” சாக்கை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டாள்.

சேதி லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கப் பரவியது. சாயங்கால ஜெபத்துக்கு ஆள் வருவது நின்றது. உபதேசியார் என்னைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஜனங்க ரொம்பப் பயப்படுதாங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். சத்தமில்லாம அந்தத் தண்டை வச்சு மூடிட்டா என்ன? நான் வரமாட்டேன். ஆனா உங்க பேரச் சொல்லணுமாம். உங்களுக்குச் சம்மதமா?”

“வச்சிருங்க” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இப்படிப்பட்டவள்தான் நான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் போன பிறகு மனம் ஆறவில்லை. என் பேரைச் சொல்லி எதையோ புதைக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் அந்த உருவத்தின் முகத்தையாவது பார்த்துவிடவேண்டும் என்றிருந்தது. மறுநாள் சங்கு ஊதியது. ராகேல் அக்கா வெந்நீருக்குப் போன நேரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். குழிவரை ஐம்பது தப்படி இருக்கும். பாதியைக் குனிந்து, தரையில் கையூன்றித்தான் கடந்தேன். பக்கத்தில் போகப் போக, மொண்டு வீசுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தலை எழும்பியது. என் கணவர். நெஞ்சளவு குழிக்குள் நின்று, மண்ணெண்ணெய் டின்னால் மழைத்தண்ணீரை மொண்டு வெளியே வீசிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் அலறினார். ஆவியைப் பார்த்தவர் மாதிரி டின்னை நழுவவிட்டுவிட்டார்.

“ஏட்டி, நீயா? மழையில எதுக்கு வந்த?”

“நீங்க இங்க என்ன செய்யிதீங்க?”

“தண்ணி நெறஞ்சு கெடக்குல்லா. தண்ணிக்குள்ள உன்னைய வைக்க எனக்கு மனசு வரல.”

“நான்தான் இருக்கேனே. காய்ச்சல் விட்டு மாசமாச்சு.”

“இருக்க. ஊசி நிப்பாட்டுன பொறவு எப்படியோன்னு தெரியலயே. நம்பிட்டுப் பொறவு ஏமாற எனக்குத் தெம்பு இல்லட்டி.”

அப்போதுதான் கவனித்தேன். குழி சாதாரண அகலமில்லை. ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டேன். டின்னைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே பதில் சொன்னார். “ரெண்டு ஆளுக்குச் சேத்து வெட்டச் சொன்னேன். எனக்கும் வேணும்லா.”

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். தினமும் சாயங்காலம் இந்த மனிதர் தன் பாதியில் நின்றுகொண்டு என் பாதியை இறைத்திருக்கிறார்.

அந்தக் காலிக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஈஸ்டர் பாடம் நினைவுக்கு வந்தது. விடியுமுன்னே பெண்கள் ஆண்டவருடைய கல்லறைக்குப் போகிறார்கள், அவர் எழுந்துவிட்டதால் அது காலியாக இருக்கிறது, அவர்கள் பயப்படுகிறார்கள். பாடம் நடத்தும்போது அந்தப் பயத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்பதற்காக. அன்று தாண்டவில்லை. அந்த நம்பிக்கையை முதன்முதலில் கையில் வாங்கியவர்களும் நடுங்கிக்கொண்டேதான் வாங்கியிருக்கிறார்கள். என் நடுக்கம் அவிசுவாசம் இல்லை. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. பயம் போய்விடவில்லை, பக்கத்தில் வந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

உபதேசியாரை வரச்சொன்னேன். “வாழைத்தண்டு வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் அது தெறந்தே கெடக்கட்டும். காலிக் குழியப் பாத்து நாமளே பயந்தா, வருசா வருசம் இருட்டோட எந்திரிச்சுக் கல்லறைக்குப் போறது எதுக்கு?”

“இத நான் சொல்லிருக்கணும், டீச்சர்” என்றார் அவர். எனக்கும் அதே எண்ணம்தான், சொல்லவில்லை.

ஈஸ்டர் விடியலில் வழக்கம்போல் மெழுகுவர்த்திகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஒவ்வொரு குடும்பமும் அவரவர் கல்லறையில் திரி ஏற்றியது. எனக்கும் என் கணவருக்கும் திரி ஏற்ற ஒரே இடம்தான் இருந்தது. குழியின் விளிம்பில் நின்று பாடினோம். முதலில் எங்கள் இரண்டு குரல் மட்டும். பிறகு ராகேல் அக்கா வந்து சேர்ந்தாள். கடைசியில் சுற்றிலும் வெளிச்சம். நீளமான அடியை மூச்சு விடாமல் பாடி முடித்தேன். வெயில் வந்ததும் வெட்டிய அதே நாலு பேர் மண்ணைத் தள்ளினார்கள்.

“எத்தனையோ குழி மூடிருக்கோம்” என்றார் அவர்களில் மூத்தவர். “வெறுங்குழிய மூடுறது இதான் மொதத் தடவ.”

அந்த வருடம் எஸ்டேட்டில் வேறு யாரும் சாகவில்லை என்று எழுத ஆசைதான். ஆடியில் ஒருவர் இறந்தார், எண்பது வயதில். அவருக்கு வேறு இடத்தில் புதிதாகத்தான் வெட்டினார்கள்.

ஊசி மொத்தம் ஒரு வருடம், தூள் ஒன்றரை வருடம். சுகமாகிவிட்டது போலத் தோன்றும்போது நிறுத்திவிடாதீர்கள்; அப்போதுதான் கிருமி பதுங்கியிருக்கும் என்பார் டாக்டர். ஜெபித்ததால் மருந்தை விட்டவர்களையும் மருந்து இருக்கிறதென்று ஜெபத்தை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. கடைசி எக்ஸ்ரேயில் பொந்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. காது இரைச்சல் போகவில்லை. கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவேன்; முகம் கழுவும்போது ஒரு கை சுவரைப் பிடித்திருக்கும். பனி இறங்கினால் தரை எங்கே என்று கால் தேடும். நாலு மணிச் சங்குக்கு உடம்பு இன்றும் ஒரு நொடி காத்திருக்கிறது. ஒன்றும் வருவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை கல்லறைத் தோட்டத்தின் ஊடேதான். அந்த இடத்தில் மண் சற்றுத் தணிந்து, புல் வேறு பச்சையில் இருக்கிறது. ஈஸ்டர்தோறும் என் கணவர் அங்கே இரண்டு மெழுகுவர்த்தி வைக்கிறார், தள்ளித் தள்ளி. எல்லோருக்கும் குழி என்பது முன்னால் எங்கோ இருக்கிறது. எனக்கும் இன்னொன்று இருக்கும்; அது வரும்போது நான் நடுங்குவேன், நடுங்கிக்கொண்டே போவேன். முதலாவதை மட்டும் தினமும் காலையில் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அங்கே அதிக நேரம் நிற்க முடியாது. எட்டரை மணிக்கு நான் போய்ச் சேராவிட்டால் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிடுவார்கள்.