ஆறு கட்டுரை கேட்ட கல்லூரி

எலும்பு முறிவு வார்டில் ஹெட் சிஸ்டரிடம் லீவு கேட்டு வாங்கியவர் யாரும் இல்லை. கேட்டு மறுக்கப்பட்டவரும் இல்லை. 'முடியாது' என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. டூட்டி சார்ட்டை மேஜைமேல் விரித்து, எங்கே ஆளைப் போடலாம், நீயே பார் என்பார். வந்த நர்ஸ் விரலை வைத்துத் தேடுவாள், உதட்டைக் கடிப்பாள், கடைசியில் தானே லீவை வாபஸ் வாங்கிக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவாள். வார்டு வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது, குறை சொல்ல முடியாது.

வீட்டில் அவரும் மகளும் இரண்டே பேர். கணவர் போய்ச் சேர்ந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளியை முடிக்கப்போகிறாள். பதினோரு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடப்போவதாக அறிவித்திருந்தாள். விண்ணப்பம் என்றால் பெயரும் மதிப்பெண்ணும் எழுதி அனுப்புவதோடு முடிந்துவிடுமா என்ன? ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டுரை வேண்டுமாம். உன்னை மாற்றிய சம்பவம் எது, நீ தோற்றது எப்போது, எங்களை ஏன் பிடிக்கிறது என்று போலீஸ்காரர்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பெண் எத்தனை முறைதான் தோற்றிருப்பாள், பாவம்.

கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டு கட்டுரை வந்தது. நடுவில் பரீட்சை வேறு. மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஹெட் சிஸ்டர் ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். வேலையைப் பிரித்துப் போடுவது என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்று சேர்த்தார். தோல்விக் கட்டுரையை ஒருமுறை எழுதி, நீட்டியும் குறுக்கியும் நாலு இடத்துக்கு அனுப்பலாம் என்றார். பரீட்சைக்கு முந்தின நாள்களில் கட்டுரை கூடாது. யாரோ சொன்னார்கள் என்று சேர்த்திருந்த மூன்று கல்லூரிகளைக் கழற்றிவிட்டார். எல்லாம் சரியான யோசனைதான். மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு கல்லூரி மட்டும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பூகம்பத்தைப் பற்றிப் படிக்கப் பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டும். மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விண்ணப்பித்தால் கிடைத்துவிடும், கிடைத்தால் போய்விடுவாள். டூட்டி முடிந்து வந்து ஆளில்லாத வீட்டின் கதவைத் திறப்பதை நினைத்தாலே ஹெட் சிஸ்டருக்குப் பயமாக இருந்தது. இதைப் பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நல்லவேளையாக அந்தக் கல்லூரி ஆறு கட்டுரை கேட்டிருந்தது.

தாளை மகள் பக்கம் திருப்பினார்.

"நீயே பாரும்மா, இந்த ஆறை எங்க போடலாம்?"

மகள் விரலை வைத்துத் தேடினாள். இடம் இல்லை. இல்லாதபடி மற்றதையெல்லாம் பரப்பி வைத்தது யார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்துத் தானே அந்தப் பெயரை அடித்தாள். அம்மா மட்டும் இல்லையென்றால் இதில் முழுகியே போயிருப்பேன் என்று நன்றி வேறு சொன்னாள். அன்றைக்கு ஹெட் சிஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியாக மிஞ்சியது பக்கத்துக் கல்லூரி. அதன் தண்ணீர்த் தொட்டி இவர்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அது கேட்டது ஒரே ஒரு கட்டுரை: எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்? தோல்வியைப் பற்றி நாலு விதமாக எழுதிய பெண்ணுக்கு இதற்கு ஒரு வரி ஓடவில்லை. இரண்டு சாயங்காலம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்கமாட்டாமல் ஹெட் சிஸ்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கச் சொன்னார். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆறு மணிக்கெல்லாம் வீடு. சுடச்சுடச் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே ஆள். சாயங்காலம் வந்தால் பேச்சுத் துணை இருக்கும், ராத்திரி பக்கத்து அறையில் விளக்கு எரியும்.

மகளின் விரல்கள் நின்றன.

"அம்மா, இந்தக் காலேஜ்ல சேரப்போறது நீயா, நானா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள். ஹெட் சிஸ்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"நான்தான் போலிருக்கு," என்றார். "அந்த ஆறு கட்டுரைக்கு இடம் இல்லாம இல்ல. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயம். அதைச் சொல்ல வாய் வரல, கட்டுரை மேல பழியைப் போட்டுட்டேன்."

மகளுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ரெண்டு வாரம் போச்சே என்றாள், எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் மேஜைமேல் புதுத் தாள் இருந்தது. பூகம்பக் கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். பட்டியலிலிருந்து பக்கத்துக் கல்லூரி வெளியே. ஆறில் இரண்டுக்கு ஏற்கெனவே எழுதியதை வெட்டி ஒட்டினால் போதும். மீதி நாலுக்கும் நாள் ஒதுக்கி, சமையல், துணி, கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் எதிரே 'அம்மா' என்று எழுதியிருந்தார். அதற்காக நாலு நாள் லீவும் போட்டார். சார்ட்டைக் காட்டி மறுக்க ஆள் இல்லாததால் லீவு உடனே கிடைத்தது. வார்டில் அவருக்கு ஏதோ பெரிய வியாதி என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம் ஆறாவதும் முடிந்தது. எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. மகள் அனுப்பாமல், லேப்டாப்பை அம்மா பக்கம் தள்ளினாள்.

"நீ அழுத்தும்மா."

ஊசி போடும்போது கை தயங்கக் கூடாது என்று புது நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். தயங்காமல் அழுத்தினார். விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று திரையில் வந்தது.

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதாம்மா?"

எத்தனையோ ஆயிரம் பேரிடம் வலிக்காது, வலிக்காது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"வலிக்குதுடி," என்றார் ஹெட் சிஸ்டர். "ரொம்ப வலிக்குது."