இரண்டு பிரதிகளை நீக்கிய பரிமளா

ஆபீஸ் பஸ் முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது பரிமளாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. என்னோடு வேலை செய்பவர் அவர். பேசியது அவருடைய கணவர். "பரிமளா பூட்டா சார். காலைல நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." விடுமுறைக்குச் செய்யூர் போன பரிமளா இனி வரமாட்டார்.

எங்கள் நிறுவனம் செய்துதரும் சர்வர் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு பகுதியையும் ஒரு குழு எழுதும். பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான பொது வரையறைதான் ஏபிஐ. அதைக் காப்பது பரிமளாவின் பொறுப்பு. எல்லோரிடமும் சண்டை போட வைக்கும் வேலை அது. ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

ஒருமுறை, மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் சர்வரை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் வாரம். சோதனையில் எந்தக் கைபேசிக்கும் எச்சரிக்கை வரவில்லை. வானிலைப் பகுதி அனுப்பியதை, குறுஞ்செய்திப் பகுதி அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டது. இரு குழுத் தலைவர்களும் தங்கள் பக்கம் சரி என்று சாதித்தார்கள். பரிமளா இரண்டு பகுதிகளையும் திரையில் பிரித்துக் காட்டினார். சர்வரில் ஓரிடத்தில் மட்டும் இருக்கவேண்டிய ஏபிஐயை, இரு குழுக்களும் ஆளுக்கொரு பிரதியாகத் தங்கள் பகுதிக்குள் வைத்திருந்தன.

"ரெண்டும் ஒரே பேருதானேம்மா?" என்றார் மேலாளர்.

"எங்க தெருவுல ரெண்டு குமார் கீறாங்க சார். ஒருத்தர் வூட்டு சாவிய இன்னொருத்தர்கிட்ட குடுப்பீங்களா? பேர மட்டும் இல்ல, எங்கேர்ந்து வந்துதுன்னும் ஜாவா பாக்கும்."

"இப்போதைக்கு எப்டியாவது ஒட்டிடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒட்டு பிரிஞ்சா, கடல்ல இருக்கறவங்களுக்கு யாரு சார் போன் பண்றது?"

ஒப்படைப்பு தள்ளிப்போனது. வாடிக்கையாளரின் கோபத்தைப் பரிமளாவே முன்னால் நின்று வாங்கிக்கொண்டார். பழைய வரையறைகளை அழிக்காமல், இரு குழுக்களும் கேட்ட புதியவற்றையும் சேர்த்து, சர்வரில் ஒரே ஏபிஐயை வைத்தார். பிரதிகள் இரண்டையும் நீக்கச் செய்தார். அந்த மழைக்காலத்தில் வந்த புயலுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மாமல்லபுரம் குப்பத்தில் படகுகள் எல்லாம் மணலில் ஏறி நின்றதை நாங்கள் பார்த்தோம். "சாப்டப் போலாமா?" என்றார் பரிமளா.

செய்யூரில் இறுதிச் சடங்கு முடிந்தபின் அவர் கணவர் என்னைத் தனியே அழைத்தார். "ஆபீஸ்ல இன்னா வேல பண்றேன்னு சொல்லுவா சார். எனக்குத்தான் ஒண்ணும் புரியாது."

அந்தப் படகுகளைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, கூட்டத்தில் நின்றிருந்த மகளைக் கூப்பிட்டார். "இவ கிட்டயும் ஒரு தபா சொல்லுங்க சார்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். போய் வாருங்கள், பரிமளா.