ஜீவராணி ஒட்டடை அடிக்காத சுவர்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஜீவராணியின் கையில் வளராத பிள்ளை கிடையாது. பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றம் ஏறினால் முதலில் தெரிவது அவளுடைய பிள்ளைக்காம்பராதான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பால் கரைத்துக் கொடுப்பது, மூக்குச் சிந்துவது, ஏணையை ஆட்டுவது, ‘இவன் என்னைக் கடிச்சிட்டான்’ என்று வருகிற வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வது, எல்லாம் ஜீவராணியின் உத்தியோகம். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். கடித்தவனுக்கும் கடிபட்டவனுக்கும் ஆளுக்கொரு பிஸ்கட்.

சுத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. காலில் மண்ணோடு உள்ளே வருகிற தாய்மாரை வாசலிலேயே நிறுத்தி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் விடுவாள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் போன பிறகு மேலிருந்து கீழ்வரை ஒட்டடை அடித்து, தரையைக் கழுவிவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். ‘ஆயம்மா காம்பராவுல தரையில போட்டுச் சோறு திங்கலாம்’ என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு.

அவளும் ஒரு காலத்தில் கொழுந்து பறித்தவள்தான். மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் போயிற்று. கூடையோடு மலை ஏற முடியாது என்று ஆனபோதுதான் பிள்ளைக்காம்பரா வேலை கிடைத்தது. இல்லாவிட்டால் நொண்டிக்கொண்டே பெரட்டுக்குப் போய், விடியலில் பேர் கொடுத்து, கங்காணிமார் பிரித்துவிடுகிற மலைக்கு ஏறிக்கொண்டிருந்திருப்பாள். அந்த வேலையை அவள் சாமி கொடுத்ததாகவே நினைத்திருந்தாள்.

கலியாணம் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி செத்து, தம்பி பொண்டாட்டி குவைத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்ட பிறகு, அவர்களுடைய மகள் தயானி இவள் மடியில் வந்து விழுந்தாள். மாப்பிள்ளை பேச வந்தவர்களிடம் ‘இந்தக் குட்டிய யாரு பாக்குறது?’ என்று கேட்டு அனுப்பிவிட்டாள். தயானியும் படிப்பில் கெட்டி. பதுளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது மேல்கணக்கே பார்க்கும்படி ஜீவராணி கோயிலில் பொங்கல் வைத்தாள். அதற்கப்புறம் யாரோடு என்ன பேசினாலும், மூன்றாவது பேச்சில் ‘எம் மருமக கம்பஸ்ல’ என்று வந்துவிடும். கேட்டவர்களுக்கு அலுத்துப்போனாலும் அவளுக்கு அலுக்கவில்லை.

ஒரு விடுமுறையில் வந்திருந்த தயானி, பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காரை வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி. மற்றதெல்லாம் முட்டி மேலே தெரியக் காலை மடக்கி நிற்கும். இது நண்டு போலக் கால்களைப் பக்கவாட்டில் பரப்பி, சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு கிடந்தது. சாம்பல் நிறம், காலில் கறுப்புப் பட்டை பட்டையாக. ஜீவராணி ஒட்டடைக் கம்பை எடுக்கத் திரும்புவதற்குள், காகிதம் மட்டுமே நுழையக்கூடிய வெடிப்புக்குள் சர்ரென்று போய்விட்டது.

“அடிச்சிராதீங்க அத்தை! தட்டை நண்டுச் சிலந்தி. இதத்தான் நான் புரொஜெக்ட்டுக்குத் தேடிக்கிட்டிருக்கேன்.”

“இதத் தேடியா கம்பஸ் போன? இங்கயே கெடக்குதே.”

தயானி கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றைப் பிடித்து, வில்லையை வைத்துக் காட்டினாள். முன் வரிசையில் ஆறு கண்கள், பின்னால் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. முன்னங்கால்களுக்கு அடியில் முட்கள் சோடி சோடியாக. உடம்பு மேலும் கீழும் வைத்து அமுக்கியது போலத் தட்டை. வலை கட்டாது, அசையாமல் கிடந்து பாய்ந்து பிடிக்கும் என்றாள். ஜீவராணிக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு, தன் கையில் ஆனா ஆவன்னா பழகிய குட்டி இவ்வளவும் சொல்கிறதே என்ற பெருமையில் அருவருப்பு காணாமல் போயிற்று.

“அப்ப பேரு என்ன?”

“அதுதான் அத்தை தெரியல. கண்ணையும் காலையும் பாத்து எந்தக் குடும்பம்னு சொல்லிறலாம். ஆனா அதுக்குள்ள ஒரே மாதிரி நிறைய இனம் இருக்கு. பொட்டச்சிக்கு வயித்துக்கு அடியில, முன்பக்கமா ஒரு சின்னத் தகடு இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு வடிவம். அதப் பாத்தாத்தான் பேர் சொல்லலாம். கடைசித் தோல உரிச்ச பெறகுதான் அது வரும். இங்க இருக்கிறதெல்லாம் இன்னும் குட்டி.”

“வயசுக்கு வரணும்னு சொல்லு.”

தயானி விழுந்து விழுந்து சிரித்தாள். போகும்போது, இந்த ஒரு சுவரை மட்டும் ஒட்டடை அடிக்காமல் விடுங்கள், தோல் உரித்துக் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள். பதுளைக்குப் போன பிறகும் வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஜீவராணியும் மற்ற மூன்று சுவர்களையும் அடித்துவிட்டு அந்தச் சுவரை விட்டாள். சுத்தக்காரிக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்க்காமல் வெளியே வருவாள்.

ஒரு நாள் வெடிப்பின் ஓரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த வெற்றுத் தோலைப் பார்த்து உடனே போன் பண்ணினாள். தயானி அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, வளர்ந்த பெண் சிலந்தியைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அத்தையைக் கட்டிப்பிடித்தாள். “இன்னும் கொஞ்ச நாள் விடுங்க அத்தை, ஆணும் ஒன்னு வேணும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் வினை வந்தது. கொழுந்து பறிக்கிற சிவசக்தியின் பிள்ளைக்குக் கழுத்தில், சுடுகம்பி பட்டதுபோல ஒரு சிவந்த கோடும் கொப்புளமும். மாலையில் பிள்ளையைத் தூக்க வந்த சிவசக்தி அதைப் பார்த்தாள். நிமிர்ந்து ஏணைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே தட்டையாக ஒன்று ஒட்டிக்கிடந்தது.

“எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு! அக்கி போட்டிருச்சு எம் புள்ளைக்கு!”

அவ்வளவுதான். கூடையை இறக்கிய பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ‘இது ஒன்னும் பண்ணாது புள்ள’ என்று ஜீவராணி சொல்லச் சொல்ல, தெரிந்தேதான் விட்டிருக்கிறாள் என்று பேச்சு மாறிற்று. சிவசக்தியும் அதே ஏணையில் கிடந்து வளர்ந்தவள்தான். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். பிள்ளையைக் கொண்டுபோய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். கழுத்தெல்லாம் சிவப்புக் கோலத்தோடு அது வீறிட்டு அழுதது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா பார்த்துவிட்டு, சிலந்தி இல்லை என்று தெளிவாகவே சொன்னார். பல்ப் வெளிச்சத்துக்கு வருகிற ஒரு சின்னச் சிவப்பு வண்டு, படுக்கையில் நசுங்கியிருக்கும், அதன் நீர் பட்ட இடம் இப்படி வெந்துபோகும் என்றார். மருந்து பூசினார்கள், பிள்ளைக்கும் ஆறிக்கொண்டு வந்தது. தப்பித்தோம் என்று ஜீவராணி மூச்சு விட்டாள். ஆனால் சிலந்தி தப்பித்ததே தவிர அவள் தப்பிக்கவில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான நலன்புரி ஐயா அவளை ஆபிஸுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுசன் இல்லை. இரண்டு கணக்குத் தாய்மாரும் மனுக் கொடுத்திருந்தார்கள். அவர் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

“வண்டோ சிலந்தியோ, அது வேற கதை ஜீவராணி. கிழமைக்கு ஒருக்கா ஒட்டடை அடிக்கணும்னு தெரியும்தானே? அந்தச் சுவர மட்டும் ஏன் விட்டீங்க?”

“எம் மருமக சொல்லுச்சுங்க ஐயா. கம்பஸ்ல அந்தப் பூச்சியத்தான் படிக்குது.”

“என்ன பூச்சி? பேர் என்ன?”

“பேரு இன்னும் தெரியலைங்க. வயித்துக்கு அடியில பாத்தாத்தான்…”

சுவரோரம் நின்ற கிளாக்கர் சிரித்துவிட்டார். ஜீவராணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நலன்புரி ஐயா சிரிக்கவில்லை. “சரி, மருமகளோட நம்பரத் தாங்க. கம்பஸ் வேலைக்காகத்தான் விட்டதுன்னு அவங்களே சொல்லட்டும். நான் எழுதி முடிச்சிர்றேன்” என்றார். அப்படி அவர் சொன்னதும் ஜீவராணிக்கு உயிர் வந்தது. எம் புள்ள சொல்லும், நல்லா வெளக்கமாச் சொல்லும் என்று நினைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். தயானியின் குரல் வந்தது. அவர் விஷயத்தைச் சொன்னார்.

“இல்ல சேர். நான் அப்படி ஒன்னும் சொல்லல. அத்தை எதையாவது பிழையா வெளங்கிக்கிட்டிருப்பாங்க.” பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னாள். “அங்க இருந்து நான் ஒரு பூச்சியும் எடுக்கல சேர்.”

“இன்னும் ஏதாவது சொல்ல இருக்கா ஜீவராணி?” போனை வைத்துவிட்டு நலன்புரி ஐயா கேட்டார்.

அவள் கையிலிருந்த பையில் போன் கிடந்தது. ‘அத்தை, அந்தச் சுவரத் தொட்டுறாதீங்க’ என்று தயானி தன் குரலிலேயே சொன்னது அதற்குள் எத்தனையோ தடவை இருந்தது. எடுத்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றும். ஆனால் தூக்கி வளர்த்த கை அல்லவா, பைக்குள் போகவில்லை. “இல்லைங்க ஐயா” என்றாள். அடுத்த நாளே பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. ஜீவராணி பெரட்டில் போய்ப் பேர் கொடுத்தாள்.

மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் அதிகம் பேசவில்லை. முழங்கால் வீங்கி, வெந்நீர் ஒத்தடத்துக்கும் அடங்காமல் குத்தியது. அது கூடப் பெரிதாகப் படவில்லை. ‘பிழையா வெளங்கிக்கிட்டிருப்பாங்க’ என்ற சொல்தான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. பொய் சொன்னதோடு நிற்காமல், தன்னை ஒன்றும் தெரியாத கிறுக்கச்சி ஆக்கிவிட்டாளே என்று பொங்கிப் பொங்கி வந்தது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயானி கேக் பெட்டியோடு வந்தாள். ஜீவராணி சோறு போட்டாள். சாப்பிட்டு முடியும்வரை இருவரும் வேறு வேறு கதை பேசினார்கள்.

“பேர் கெடச்சிருச்சு அத்தை. மைக்ரோஸ்கோப்ல தகடு நல்லாத் தெரிஞ்சிச்சு. மேடம் பாத்துட்டு சரின்னுட்டாங்க.”

“எங்க புடிச்சதுன்னு கேக்கலையா ஒங்க மேடம்?”

தயானி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கம்பஸ் மரத்துப் பட்டையிலன்னு எழுதிட்டேன். அனுமதி இல்லாம வேற எங்கயும் புடிக்கக் கூடாதுன்னு ஏற்கனவே சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சா எல்லாம் போயிரும்.”

“அதுக்கு என்னய வித்துட்டியா?”

“அப்படிச் சொல்லாதீங்க அத்தை. உங்களுக்குப் பெரட்டு இருக்கு. இந்த வேல இல்லாட்டி அந்த வேல. எனக்கு இத விட்டா என்ன இருக்கு?”

ஜீவராணி காலை நீட்டி முழங்காலைத் தடவினாள். நீட்டிய காலின் வீக்கம் தயானிக்கு நேரெதிரே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அத்தை, நான் அனுப்புன வாய்ஸ் எல்லாம் இன்னும் உங்க போன்லதான் இருக்கா?”

அப்போதுதான் கேக் எதற்கு என்று ஜீவராணிக்கு விளங்கியது. எழுந்துபோய் போனை எடுத்துவந்து தயானி முன்னால் வைத்தாள்.

“எனக்கு அழிக்கத் தெரியாது. வேணும்னா நீயே அழிச்சிக்க.”

கையில் கொடுத்தால் மனசு வராது என்று நினைத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, ‘வேணாம் அத்தை, வச்சிக்கங்க’ என்று திருப்பித் தருவாள். தந்துவிட்டால் போதும், வேலை போனதையும் மறந்துவிடலாம் என்று தயானியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தயங்கவே இல்லை. சட்சட்டென்று ஓடியது.

“முடிஞ்சிச்சு அத்தை.”

“எல்லாமா?”

“அந்தச் செவுத்துக் கதைய மட்டும் தேடி எடுக்கிறதுன்னா ரொம்ப நேரமாகும். மொத்தமா எடுத்துட்டேன்.”

கம்பஸுக்குப் போன புதிதில் ‘இங்க இருக்க முடியல அத்தை, வந்துறவா?’ என்று அழுததும் அதில் இருந்தது. ‘சாப்டீங்களா’ என்று கேட்டதும், பரீட்சைக்குப் போகுமுன் ‘சாமி கும்பிட்டுக்கங்க’ என்று சொன்னதும், காய்ச்சலில் முனகிக்கொண்டு ‘அம்மா’ என்று கூப்பிட்டதும் அதில் இருந்தன. தனியாக இருக்கும்போதெல்லாம் ஜீவராணி போட்டுக் கேட்கிறவை அவை.

போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். மேலே தயானியின் பேரும் சிரித்த படமும் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை. ரோட்டு வரைக்கும் வாறீங்கதானே?”

“மலைக்கு ஏறவே இந்தக் கால் எனக்குக் காணாது. நீ போ” என்றாள் ஜீவராணி.