முன்னறைக்கு மட்டும் ஒரு சாஃப்ட்னர்

அண்ணிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார், சீப்புகளைக் கழுவுவார். அன்று எல்லாச் சீப்புகளையும் கழுவி முடித்துவிட்டு, கழுவியவற்றையே மறுபடியும் எடுத்தார். நடந்தது சின்ன விஷயமில்லை என்று தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு முன்னறைதான் அண்ணியின் பார்லர். ஒரு பேசின், ஒரு ஹீட்டர், ஆளுயரக் கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலிகள். இரண்டாவது நாற்காலி, என்றைக்காவது உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளும்போது வேண்டியிருக்கும் என்று ஆசையாக வாங்கியது. அதில் இதுவரை துண்டுகள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அன்று வந்திருந்தவர் வங்கிக்காரம்மா. போன மாதம் பூசிய சாயம் அதற்குள் மங்கி, காதோரம் பழைய செம்பு போல மினுங்கியது.

"சாயத்துல குறை இல்லம்மா, உங்க கையிலயும் குறை இல்ல. தண்ணிதான். மெயின் ரோட்டு பார்லர்ல, உப்புத் தண்ணிய மென்மையாக்குற சாஃப்ட்னர் மிஷின் வெச்சிருக்காங்களாம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க அவர் இடமே வைக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார். அவர் சொல்லித்தான் அந்த வங்கியிலிருந்து பாதிப் பேர் இங்கே வந்தார்கள். இனி அவர் சொல்லி அங்கே போவார்கள். அப்புறம் இந்த முன்னறை வெறும் முன்னறைதான்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. குழாயின் வாயெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஷாம்பு ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு, நுரையை மட்டும் கடன் வாங்கியவன் மாதிரி இழுத்தடிக்கும்.

"ஷவர்ல மாட்டுற ஃபில்டர் ஒண்ணு வாங்கிடு. முடிஞ்சது கதை" என்றார் அண்ணன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். எதையும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போகிற சுபாவம்.

"மாட்டியாச்சு. ரெண்டே வாரத்துல அது நம்மளைத் தலைமுழுகிடுச்சு. இந்தத் தடவை சாஃப்ட்னர்தான் வைக்கப் போறேன்."

மறுநாள் விற்பனைக்காரர் ஒருவரை வரச்சொன்னார். அவர் ஒரு குப்பியில் எங்கள் தண்ணீரைப் பிடித்து, ஏதோ பொடி போட்டுச் சிவப்பாக்கினார். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சிவப்பு எப்போது நீலமாகிறதோ அதுவரை போன சொட்டுகள்தான் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அளவாம். அவர் விட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது.

"தம்பி, மருந்து பத்துமா?" என்றார் அப்பா.

ஒருவழியாக நீலம் வந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றார் அண்ணன். வந்தவர் பேசினைப் பார்த்தார், வாசலில் நின்ற வேனைப் பார்த்தார், மாடியில் பெரிய தொட்டியைப் பார்த்தார். பெரிய மிஷின்தான் தாங்கும் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு வேனின் டயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு உபரிக்கும் ஒன்று வாங்கலாம். அண்ணனுக்கு இருமல் வந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். அவர் பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர். வீட்டின் முன்சுவர் அவருக்குக் கடைசிப் பிள்ளை. "பெரிசாவே போடுவோம்மா. பாதி நான் தர்றேன். ஆனா பைப்பு வெளியே தெரியக் கூடாது. மழை முடியட்டும், சுவரை உடைச்சு உள்ளே விட்டுப் பூசிடலாம்."

"மழை முடியற வரைக்கும் என் கஸ்டமருங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா மாமா?"

அண்ணி அன்றைக்கு விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரியாமல் எவ்வளவு பணம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்றார். அந்த வாரம் முழுக்க ஒரு சட்டம் போட்டார். யாரும் குழாயிலிருந்து நேராகப் பிடிக்கக் கூடாது, எல்லாம் வாளியில். ஒரு வாளிக்கு ஒரு கோடு. புருவம் எழுதும் பென்சிலால் கண்ணாடியின் ஓரத்தில் கட்டம் போட்டு, முன்னறை, குளியல், சமையல், வேன், மற்றது என்று எழுதி வைத்தார்.

முடி வெட்ட வந்த ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து, "யார் பேட்டிங்?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர். அவுட்டே ஆக மாட்டேங்கிறார்."

உண்மைதான். வேனுக்கான கோடுகள் கட்டத்தை நிரப்பி, ஓரத்தில் ஏறி, கண்ணாடியில் தெரியும் முகங்களின் கன்னம் வரை வந்துவிட்டன. அண்ணன் ஒரு நாள் இரண்டு வாளிக்கு ஒரு கோடு போட்டதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். பென்சிலை வாங்கி விட்டுப்போனதைப் போட்டார்.

"உங்க அண்ணன் வேனைக் குளிப்பாட்டுற தண்ணியில நாம எல்லாருமே குளிச்சிடலாம் தம்பி. என் வேலைக்கு ஆகுறது இத்தனூண்டுதான்" என்று முன்னறைக் கட்டத்தைக் காட்டினார்.

விற்பனைக்காரரை மறுபடி வரவழைத்தார்.

"பேசினும் ஹீட்டரும் மட்டும். மத்ததெல்லாம் பழைய தண்ணியே ஓடட்டும். இதுக்கு எது போதும்?"

அவர் கண்ணாடியைப் படித்தார். "அப்படின்னா சின்னதே போதும்மா. ஆனா தொட்டியிலேர்ந்து தனி லைன் இழுக்கணும். அது தனிச் செலவு."

"அது சரி. உப்பு மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"உப்பெல்லாம் பெரிசா ஆகாது."

"பெரிசா ஆகாதுன்னா எவ்வளவு?"

அவர் கொஞ்சம் யோசித்து, ஒரு மூட்டை என்றார். சாஃப்ட்னர் உழைத்துக் களைத்தால் அதற்கு உப்புக் கரைசல் ஊட்ட வேண்டும். வாங்குவதோடு செலவு முடிவதில்லை. அந்த மூட்டையை மாதத்துக் கழுவல்கள் மேல் பிரித்துப் போட்டார் அண்ணி. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் விலை ஏற்றியாக வேண்டும் என்று வந்தது. போகிறவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில் விலையேற்றம். அவர் அதை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே தொகைதான் வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சேமிப்பு மிஷினுக்குச் சரியாக இருந்தது. லைனுக்குப் போதவில்லை. அண்ணி துண்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தார். இரண்டாவது நாற்காலி மெயின் ரோட்டுக் கடைக்கே போனது.

"போயும் போயும் அவங்ககிட்டயா?" என்றார் அண்ணன்.

"நல்ல விலை குடுத்தாங்க. நாற்காலிக்கு ஏது மானம்?"

குழாய் போடும் ஃபிட்டர் வந்தார். தொட்டியிலிருந்து முன்னறைக்குக் குறுக்கு வழி முன்சுவர்தான் என்று விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுக் காசும் நானே தர்றேன்மா. பின்பக்கமா சுத்திக் கொண்டுபோவோம்."

"நீங்க காசு குடுத்தா, பைப்பு போற வழியையும் நீங்கதான் மாமா சொல்வீங்க." குரல் உயரவில்லை. "அது நியாயம்தான். அதனாலதான் வேண்டாங்கிறேன். இது என் வேலைக்கு. என் காசு போற அளவுக்குப் போகட்டும்."

"வீட்டு மூஞ்சியில மூக்குக் குழாய் சொருகின மாதிரி இருக்கும்."

"மூச்சு விட்டாகணும்ல மாமா."

ஃபிட்டர் சிரிப்பை அடக்க ஏணிக்கு அந்தப் பக்கம் போனார். அப்பா உள்ளே போய்ச் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டினார். சாயங்காலத்துக்குள், ஜன்னலை ஒட்டி ஒரு வெள்ளைக் குழாய் சுவரில் இறங்கியிருந்தது. அப்பா சில நாள் பக்கவாட்டு வழியாகவே வீட்டுக்குள் வந்தார்.

முதலில் கழுவியது அண்ணனின் தலையை. எத்தனை அலசினாலும் வழவழப்பு போகவில்லை. ஷாம்பு இன்னும் இருக்கிறது என்று நினைத்து அண்ணி அலசிக்கொண்டே இருந்தார். பிறகுதான் விளங்கியது, ஷாம்பு எப்போதோ போய்விட்டது, புதுத் தண்ணீரின் குணமே அப்படி. இத்தனை வருடம் சுத்தம் என்று விரல் நம்பிய சொரசொரப்புதான் பழைய தண்ணீர் விட்டுப்போன அழுக்கு. ஒரு வாரம் எங்கள் எல்லார் தலையிலும் பழகினார். எப்போது குழாயை மூடுவது என்று விரலுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அளவு மீறினால் உப்புக் கணக்கு உதைக்கும்.

அப்புறம் வங்கிக்காரம்மாவுக்குப் போன் செய்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

"சாஃப்ட்னர் வெச்சாச்சும்மா. ஒரு தடவை வந்து பாருங்க. இந்தத் தடவைக்குக் காசு வேண்டாம். பிடிச்சா அடுத்த தடவையிலேர்ந்து முன்னைவிடக் கூடுதலா வாங்குவேன்."

அவர் வந்தார். சாயம் ஊறியது. அவர் தலையைப் பேசினில் சாய்த்து, அண்ணி குழாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மூடினார்.

வங்கிக்காரம்மா கையை உயர்த்தித் தலையைத் தொட்டார். "இன்னும் போகலையேம்மா. வழுக்குதே."

"போயிடுச்சு."

"இன்னொரு தடவை அலசிடுங்களேன்."

அண்ணியின் கை குழாய் மேல் இருந்தது. திறந்தால் அவர் திருப்தியாக எழுந்து போவார். கை திறக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையில் சுற்றியது.

"காஞ்சதும் தொட்டுப் பாருங்க. அப்ப வழுக்கினா நான் தோத்தேன்."

காய்ந்ததும் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் இந்தக் காதோரம், அந்தக் காதோரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனது, அன்று சொல்லிவிட்டுப் போனதைவிட மோசமாக இருந்தது. மாதம் ஒன்று கடந்தது. அண்ணி விசாரிக்கவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் புது விலையை உட்காருவதற்கு முன்பே சொன்னார். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

வங்கிக்காரம்மாவின் போன் வந்தபோது அண்ணியின் கை முழுக்கச் சாயம். நான்தான் காதருகில் பிடித்தேன்.

"சாயம் அப்படியே நிக்குதும்மா. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சியையும் கூட்டிட்டு வரவா?"

"வாங்க. ரேட்டு ஏறியிருக்கு. ரெண்டு பேருக்கும்தான்."

பதிலுக்குக் காத்திராமல் அண்ணி எதிரே உட்கார்ந்திருந்தவரின் முடியில் ஒரு வகிடு எடுத்தார், தூரிகையை நனைத்தார், பூசினார்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றது போன்.