இருக்கையின் ஓரம்

தாம்பரம் மின்ரயிலில் மூவர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவார் அந்தக் கல்லூரி ஆசிரியர். ஒல்லியான உடம்பு, மடியில் பை. பொருளாதார வரலாறு நடத்துகிறவர்.

ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "மெஷின் எல்லாம் வராத காலத்துல, கொள்ளைநோய்ல பாதி ஊர் செத்துட்டா, மிஞ்சினவங்களுக்குக் கூலி ஏறும் சார். நிலமும் கிடைக்கும். ஜனம் பெருகினா மறுபடி பசிதான்."

"அப்போ பொழைச்சவன் அதிர்ஷ்டசாலி" என்று உளறினேன்.

"நானும் அப்படித்தான் சார். கொரோனால எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு சீனியர்ஸ் போயிட்டாங்க. அப்புறம்தான் என்னைப் பெர்மனென்ட் பண்ணாங்க."

குரோம்பேட்டையில் எங்களுக்கு நடுவே இருந்தவர்கள் இறங்கினார்கள். "உள்ள தள்ளி உக்காருங்க சார்" என்றேன்.

காலி இடத்தைப் பார்த்தார். ஓரத்தை விட்டு நகரவேயில்லை.