சென்னையிலிருந்து திண்டுக்கல்: விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா இறந்துவிட்டதாக மச்சான் போன் செய்தார். திண்டுக்கல் வழியாகப் போகும் ஆறு மணி ரயில் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அடுத்த பகல் ரயிலில் போனால் இரவாகிவிடும். சாலை வழி 425 கிலோமீட்டர். மிஞ்சியது 10.20 மதுரை விமானம்தான். கடைசி நேர டிக்கெட் 7,200 ரூபாய்.

மச்சானிடம் விவரம் சொன்னேன். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்றேன். மதுரையிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டார். ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் மின்மயானத்தில் காரியம் முடிய வேண்டும், ஒரு மணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவானது. போனை வைக்கும் முன் சொன்னார்: "பொறந்த வீட்டுக் கோடி நீதான் போடணும் மாப்ள. சேலைய மறந்துராத."

கடைசியாக உடல்மேல் போர்த்தும் அந்தப் புதுச் சேலைக்கு, காலை வேளையில் சென்னையில் எந்தக் கடை திறந்திருக்கும்? வழியில் சின்னாளபட்டியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எட்டேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினேன். விமானம் ஓடுபாதையில் கால் மணி நேரம் சும்மா நின்றது. ஜன்னல் சீட்டுக்காரர் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இறங்கி வெளியே வர 12.05. திண்டுக்கல் 75 கிலோமீட்டர், டாக்ஸி 2,400 ரூபாய். மச்சானுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் எடுக்கவில்லை. கொட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. சின்னாளபட்டி வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணே, சேலைக்கு நிப்பாட்டவா, நேரா வீட்டுக்கே போயிருவமா?"

நிறுத்தச் சொன்னேன். தம்பியின் கோடி போடாமல் அக்காவை எடுக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். மஞ்சள் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்தேன். பத்து நிமிடம் போயிற்று.

1.35க்கு அக்கா வீட்டு வாசலில் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அஞ்சு வரை பார்த்துவிட்டு, பெரியப்பா மகனை விட்டுக் கோடி போட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் மின்மயானம் போனபோது உலையின் கதவை மூடிவிட்டார்கள்.

மச்சான் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒன்னேகா மணி நேரம்னு சொன்னியேன்னு எல்லாரும் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தோம் மாப்ள. இனிமேப்பட்டு நேரம் தாங்காதுன்னுதான்..."

சின்னாளபட்டியில் நிற்காமல் வந்திருந்தால் முகம் பார்த்திருப்பேனா? தெரியவில்லை. அந்தக் கணக்கைப் போட எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: விமானம் ரயிலைவிட வேகம் என்று நம்பிவிடாதீர்கள். விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, அங்கிருந்து கார் எல்லாம் சேர்த்தால் காலை ரயிலின் நேரம்தான் வரும். அவசரம் என்றால் ஊரில் இருப்பவர்களிடம் பறக்கும் நேரத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். வாசலில் இருந்து வாசலுக்கு ஐந்தரை மணி நேரம் என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர்கள் காத்திருப்பார்கள்.

கோடிக்கு எடுத்த சேலையை வேறு யாருக்கும் உடுத்தக் கொடுக்கக் கூடாதாம். திரும்பும்போது ரயிலில் வந்தேன். சேலை மடியில் இருந்தது.